பதினோராவது வரிசையில் பூஜ்ஜியம்

படிவத்தில் பதினொரு வரிசைகள் இருந்தன. முதல் பத்து எனக்குச் சிரமம் தரவில்லை. ஆசிரியர் மொத்தம் எத்தனை கேள்வி கேட்டார், அவற்றில் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவை எத்தனை, யோசித்துச் சொல்ல வேண்டியவை எத்தனை, ஸ்மார்ட் போர்டை எத்தனை தடவை தொட்டார், மாணவர்கள் எத்தனை பேர் எழுந்து வந்து தொட்டார்கள் என்று அவை போகும். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் வேலை முடிந்தது. பதினோராவது வரிசை மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு மாணவர் இன்னொரு மாணவரின் விடையை மறுத்துக் காரணம் சொன்ன தடவைகள்.

"இதுதான் சார் மெயின்," என்றார் தாளாளர். "ட்ரெய்னிங் குடுக்க வந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க. மத்த பத்தும் போர்டு வாங்குனதுக்குக் கணக்கு. புள்ளைங்க மூளை வேலை செய்யுதான்னு இந்த ஒரு வரிசையிலதான் தெரியுமாம்."

கோட்டுச்சேரியிலிருந்து கடலுக்குப் போகும் சாலையில் இருக்கும் தனியார் பள்ளி அது. நான் அங்கே வேலை பார்த்தவன் இல்லை. காரைக்கால் நகரத்தில் வேறொரு பள்ளியில் முப்பத்துநான்கு வருடம் கணக்கு ஆசிரியராக இருந்து, ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பள்ளியில் இரண்டு தற்காலிக ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர், இன்னொருவர் அறிவியல் எடுக்கும் இளைஞர். இருவரும் ஸ்மார்ட் போர்டில் பயிற்சி பெற்றவர்கள். அடுத்த கல்வியாண்டில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியும். ஆளுக்கு ஆறு வகுப்பு வீதம் பன்னிரண்டு வகுப்புகளில் நான் பின்னால் உட்கார்ந்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை வைத்து யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்வார்கள்.

"நீங்க இஞ்ச யாருக்கும் வேண்டியவரு இல்ல, வேண்டாதவரும் இல்ல. ஒண்ண ஒண்ணுன்னு எழுதுவீங்க. அது போதும்," என்றார் தாளாளர்.

அவர் சொன்னது சரி. அதற்கு முந்தைய ஆவணியில் எனக்கு இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். உடம்பு தேறிவிட்டது. ஆனால் அதன் பிறகு எதுவும் என் மேல் நேராக வந்து படுவதில்லை. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு மூடியிருப்பதுபோல இருக்கும். மகன் தொலைபேசியில் பேசுவான், சரி சரி என்பேன், வைத்தபின் என்ன சொன்னான் என்று மனைவியிடம் கேட்பேன். கவலை மட்டும் குறையவில்லை. கதவைப் பூட்டினேனா, காலை மாத்திரை நான்கா ஐந்தா, பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா என்று சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். பெரிய விஷயம் எதற்கும் ஒன்றும் வராது. மருத்துவரிடம் சொன்னேன். சிலருக்கு அப்படி இருக்கும், போய்விடும் என்றார். எத்தனை நாளில் என்று கேட்டேன். சிரித்தார்.

முதல் நாள் கிளம்பும்போது சட்டைப் பையில் மூன்று பென்சில் வைத்தேன். பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"நான் உள்ளதானே இருக்கேன், என்னை வச்சுப் பூட்டுறீங்களே," என்று ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள். "அந்தப் புள்ளைங்க எத்தனை தடவை கொட்டாவி வுடுதுன்னும் எண்ணிட்டு வாங்க. உங்கள மாதிரி ஆளு கெடைக்க அவுங்க குடுத்து வச்சிருக்கணும்."

பூட்டைத் திறந்துவிட்டுப் போனேன். ஏழு நிறுத்தம். எட்டாவதில் இறங்கி அறுநூற்றுப் பத்து எட்டு.

சமூக அறிவியல் டீச்சருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். திருநள்ளாறு பக்கம் வயல்காரர் வீட்டுப் பெண். தினமும் ஸ்கூட்டியில் வருவாள். எட்டாம் வகுப்பில் முப்பத்துமூன்று பிள்ளைகள், பெண்கள் பதினெட்டு, பையன்கள் பதினைந்து. இருபத்தாறு பேர் கிளிஞ்சல்மேடு, திருவேட்டக்குடி போன்ற கடலோர ஊர்களின் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மீதி ஏழு பேர் உள்பக்க வயல் ஊர்களிலிருந்து வருபவர்கள்.

அவள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தாள். அட்டை நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம் இருக்கும். நான்கு விளிம்பிலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை எதுவோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். டீச்சர் கைப்பேசியை ஒரு முறை வகுப்பைச் சுற்றிக் காட்டுவாள். போர்டில் நான்கு தூண்கள் எழும். ஏ என்று எத்தனை பேர், பி என்று எத்தனை பேர் என்று உடனே தெரியும். யார் எதைக் காட்டினார் என்று பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. கூச்சப்படாமல் பிள்ளைகள் தம் மனதில் இருப்பதைக் காட்டுவார்கள், தூண்கள் மாறி மாறி இருக்கும், பிறகு ஏன் என்று கேட்டு வாதாட விடலாம். அதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. என் காலத்தில் இது இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன்.

முதல் வகுப்பில் ஐந்து கேள்விகளுக்கு அட்டை தூக்கினார்கள். ஐந்துக்கும் போர்டில் ஒரே தூண் எழுந்தது. முப்பத்துமூன்று. மற்ற மூன்று இடமும் தரையோடு தரை. மூன்றாவது கேள்வியில் அந்த ஒரே தூண் தப்பான விடையில் நின்றது. அதிலும் முப்பத்துமூன்று.

"வேற யாருக்காவது வேற மாதிரி தோணுதா?" என்று அவள் கேட்டாள்.

யாருக்கும் தோன்றவில்லை. பதினோராவது வரிசையில் பூஜ்ஜியம் போட்டேன்.

இரண்டாவது வகுப்பில் இடம் மாற்றி உட்கார வைத்தாள். ஒரே தூண். மூன்றாவது வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு அட்டை தூக்கச் சொன்னாள். அப்போதும் ஒரே தூண்தான். ஆனால் அன்றைக்கு நான் ஒன்று கவனித்தேன். கேள்வி கேட்டு முடித்து ஐந்தாறு விநாடிக்குள், இரண்டாவது பெஞ்சிலிருந்து மரத்தில் விரல் தட்டும் சத்தம் வரும். ஒரு தட்டு என்றால் ஏ. மூன்று தட்டு என்றால் சி. தட்டுவது ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண். அவளுடைய அப்பா ஊர்ப் பஞ்சாயத்தில் இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு மொத்தம் பதினான்கு தட்டு. எண்ணினேன். தட்டுக்குப் படிவத்தில் வரிசை இல்லை.

வகுப்பு முடிந்து டீச்சர் என்னிடம் வந்தாள்.

"சார், நீங்க பின்னாலேருந்து பாக்குறீங்க. எங்க சார் தப்பு? எப்புடி சார் முப்பத்துமூணு பேருக்கும் ஒரே மாதிரி தோணும்? காப்பி அடிக்கிறாங்களா?"

ஆசிரியர்களிடம் கருத்துச் சொல்லக்கூடாது என்பது எனக்குக் கொடுத்த விதி. "நான் எண்ணத்தான்மா வந்திருக்கேன்," என்றேன்.

"ஆமாங்க சார். சாரி சார்," என்று போய்விட்டாள். அவள் கையிலிருந்த அட்டைக் கட்டில் ஒன்று குறைகிறதோ என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது. அவளைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

அறிவியல் ஆசிரியரின் வகுப்பு வேறு மாதிரி. அவர் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார். யார் எழுந்து 'நான் மாறுபடுகிறேன், ஏனென்றால்' என்று தொடங்குகிறார்களோ அந்த அணிக்குப் போர்டில் ஒரு நட்சத்திரம் விழும், மணி அடிக்கும். பிள்ளைகளுக்கு மணிச் சத்தம் பிடித்துவிட்டது. "நான் மாறுபடுகிறேன், ஏனென்றால் தாவரம் பச்சையாக இருக்கிறது," என்பான் ஒருவன். "நான் மாறுபடுகிறேன், ஏனென்றால் எல்லாத் தாவரமும் பச்சை இல்லை," என்பாள் ஒருத்தி. சிலது காரணம், சிலது காரணம்போல ஒன்று. படிவத்தில் நல்ல காரணம், கெட்ட காரணம் என்று பிரிக்கவில்லை. எண்ணினேன். அவரும் மோசமான ஆசிரியர் இல்லை. வீட்டில் கைக்குழந்தை, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கும். ஆறு வகுப்பில் அவருடைய பதினோராவது வரிசை நாற்பத்தொன்று.

டீச்சருக்கு ஐந்து வகுப்பு முடிந்தபோது ஐந்து பூஜ்ஜியம்.

ஆறாவது வகுப்பு பங்குனியில், இடைவேளைக்கு அடுத்த பாடவேளை. அன்றைக்கு அவள் புதிதாக ஒன்று செய்தாள். இடைவேளை மணிக்குச் சற்று முன்னாலேயே வகுப்புக்கு வந்து, போர்டில் கேள்வியைப் போட்டுவிட்டாள். ஆற்று முகத்துவாரத்தின் வானிலிருந்து எடுத்த படம். கடலும் ஆறும் சேரும் இடத்தில் மணல் நாக்குபோல நீண்டு வாயை அடைத்திருக்கிறது. கீழே கேள்வி: முகத்துவாரம் மூடிப்போய்ப் படகுகள் வெளியே போக முடியவில்லை. என்ன செய்யலாம்? ஏ, மணலைத் தூர்வாரலாம். பி, இரண்டு பக்கமும் கடலுக்குள் கல் கொட்டி நீட்டலாம். சி, படகுத்துறையை வேறு இடத்துக்கு மாற்றலாம். டி, எதுவும் செய்யாமல் விடலாம்.

"இதுக்கு ஒரே சரியான விடை கெடையாது," என்றாள். "நல்லா யோசிச்சிட்டு வாங்க. வந்து சொன்னா போதும்."

இடைவேளையில் மாத்திரை போட வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரோரம் நிழலில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நிறுத்துமிடம். அங்கே எட்டாம் வகுப்பு கூடியிருந்தது, சுவரின் துளைக் கற்கள் வழியே முகங்கள் தெரிந்தன. முதலில் சண்டை என்றுதான் நினைத்தேன்.

"கல்லு போட்டா முடிஞ்சுது. ஒரே வேலை," என்றான் ஒரு பையன்.

"முடிஞ்சுது. யாருக்கு முடிஞ்சுது?" இது ரெட்டைச் சடை. "கல்லு போட்டா தெக்கப் பக்கம் மணலு சேரும், வடக்கப் பக்கம் கடலு அரிக்கும். எங்க மாமா ஊருக்குப் பக்கத்துல இப்புடித்தான் போட்டாங்க. அடுத்த ஊருல கோயில் சுவரு வரைக்கும் அலை வந்துட்டு."

"உங்க மாமா ஊரு பக்கம் போனா கடலுக்கே கோவம் வருது போல."

சிரித்தார்கள். அவளும் சிரித்தது கேட்டது. "போடா. உங்க ஊரு வடக்கதான் இருக்கு, நெனப்பு வச்சுக்க."

"அப்ப வருசா வருசம் தூர்வாரட்டும்," என்றாள் இன்னொருத்தி.

"வாருன மணல எங்க கொட்டுவ? ஒங்க வூட்டு வாசல்லயா?"

"வடக்க கொண்டுபோயி அரிக்கிற எடத்துல கொட்டு. அதுக்கும் ஆச்சு, இதுக்கும் ஆச்சு."

பிறகு மெல்லிய குரலில் ஒரு பையன். வயல் ஊர்களிலிருந்து வரும் ஏழு பேரில் ஒருவன்.

"ஆத்துல தண்ணி வர்ற மாசம் வாயி தெறந்துதானே கெடக்கு? தண்ணி வராத மாசந்தான் மூடுது. அப்ப கொறை மணல்ல இல்ல, தண்ணியிலதான். மேலேருந்து தண்ணி வுட்டா அதுவே தள்ளிட்டுப் போயிடும்."

"இவனப் பாருடா. எதக் கேட்டாலும் தண்ணிம்பான் வயக்காட்டுக்காரன்."

"அது எந்த எழுத்துடா? போர்டுல தண்ணின்னே இல்லையே."

"டி."

"டி எதுவும் செய்யாம வுடுறதுடா. தண்ணி வுடுறது செய்யிறதுதானே?"

"அப்ப டீச்சரு போட்ட கேள்வியிலதான் கொறை. ஈன்னு ஒண்ணு போட்டிருக்கணும்."

மறுபடியும் சிரிப்பு. நான் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மாத்திரை நாக்கில் கரைந்து கசந்தது. பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன். பேசியவர்கள் ஏழு பேர். மொத்தம் இருபத்துமூன்று தடவை. ஒருவர் சொன்னதை மறுத்துக் காரணம் சொன்னது ஒன்பது தடவை. மணலை வடக்கே கொண்டுபோய்க் கொட்டு என்ற பெண், படிவத்தின் ஏழாவது வரிசையில் 'புதிதாக ஒரு தீர்வை உருவாக்குதல்' என்று இருக்கிறதே, அதில் வருவாள். அந்த வரிசையிலும் ஐந்து வகுப்பாகப் பூஜ்ஜியம்தான்.

"சரி, பேசியாச்சு," என்றாள் ரெட்டைச் சடை. "மணி அடிக்கப் போவுது. ஏ. எல்லாரும் ஏ."

"நான் டி-தான் காட்டுவேன்," என்றான் வயல்காரப் பையன்.

"காட்டுவ. அந்தத் தாத்தா சாரு பின்னால உக்காந்து எழுதிக்கிட்டே இருக்காரு, பாக்குறியா இல்லையா? ஆளுக்கு ஒண்ணு காட்டுனா என்ன எழுதுவாரு? இந்த டீச்சரு ஒண்ணுமே சொல்லிக்குடுக்கல, புள்ளைங்க வாய்க்கு வந்தத காட்டுதுன்னு எழுதுவாரு. டீச்சர அனுப்பிடுவாங்களாம். ஆபீசுல பேசுனத எங்க அக்கா கேட்டுச்சாம்."

"அதுக்கு?"

"இஞ்ச எவ்வளவு வேணாலும் அடிச்சுக்கலாம்டா. வெளியாளு முன்னாடி ஒரே பேச்சு."

"சரி புள்ள. ஏ," என்றான்.

கடலோர ஊர்களில் வழக்கம் அது. முப்பத்துநான்கு வருடம் இந்த ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது தெரியும், தெரிந்தும் நினைவுக்கு வரவில்லை. கோயில் வாசலில் ஊர் கூடினால் ஆண்கள் தொண்டை கட்டுமளவு சண்டை போடுவார்கள். அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்று கத்துவார்கள். முடிவு என்று ஒன்று வந்தபின் அவ்வளவுதான். கடலுக்குப் போகக்கூடாது என்றால் ஒரு படகு போகாது. அதிகாரி வந்து கேட்டாலும், பத்திரிகைக்காரர் வந்து கேட்டாலும் எல்லார் வாயிலும் ஒரே சொல். வெளியாளிடம் மாற்றிச் சொல்பவன் ஊருக்குக் குற்றம் செய்தவன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் வெளியாள். போர்டும் வெளியாள். டீச்சர் அவர்களுடைய ஆள்.

மணி அடித்தது. பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அட்டைகள் தூக்கினார்கள். அவள் கைப்பேசியைச் சுற்றிக் காட்டினாள். ஏ-யில் முப்பத்துமூன்று.

அவள் போர்டில் அந்த ஒற்றைத் தூணைப் பார்த்தாள். பிறகு திரும்பி, "ஏன் ஏ?" என்று கேட்டாள்.

ரெட்டைச் சடை எழுந்தாள். "தூர்வாருனா நல்லதுங்க டீச்சர்."

"கல்லு போட்டா?"

"தூர்வாருறதுதாங்க டீச்சர் நல்லது."

"வேற யாராவது? யாராவது ஒருத்தர். தப்பா இருந்தாலும் பரவால்ல."

வயல்காரப் பையன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்துமூன்று பேரும் அவளைப் பெருமையோடு பார்த்தார்கள். நன்றாக நடந்துவிட்டது என்று நினைத்த முகங்கள். அவளுக்குக் கண் கலங்கியதோ என்னவோ, போர்டு பக்கம் திரும்பி எதையோ தொட்டாள். அதையும் ஒரு கோடாகப் போட்டேன். பலகையைத் தொட்டது, பத்தொன்பது.

பதினோராவது வரிசையில் பூஜ்ஜியம் போட்டேன். பாடவேளை நாற்பது நிமிடத்துக்குள் நடந்தது மட்டும் என்று படிவத்தின் தலையில் அச்சிட்டிருந்தது. சுவருக்குப் பின்னால் நடந்தது பாடவேளையில் இல்லை. படிவத்தின் அடியில் 'குறிப்புகள்' என்று நான்கு வெற்றுக் கோடுகள் இருந்தன. அவற்றைப் பார்த்தேன். பென்சில் கையில்தான் இருந்தது. அப்போது என்ன தோன்றியது என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. பன்னிரண்டே கால் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. பன்னிரண்டு படிவங்களையும் இரண்டு தடவை கூட்டிச் சரிபார்த்துத் தாளாளரிடம் கொடுத்தேன்.

"எதாவது சொல்லணுமா சார்?" என்று அவர் கேட்டார்.

"எல்லாம் அதுல இருக்கு," என்றேன்.

இரண்டு வாரம் கழித்துச் சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் தொடங்கினேன். தட்டுச் சத்தம், நட்சத்திரம், மணி எல்லாம் சொல்லிச் சுவருக்குப் பின்னால் நின்றது வரை வந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இத அவங்ககிட்ட சொல்லலியா நீங்க?"

"படிவத்துல அதுக்கு எடம் இல்ல."

"வாயில எடம் இருந்துதுல்ல?"

நான் தட்டில் சோற்றைப் பிசைந்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை போகப் போவுது. புள்ளைங்க அவளுக்காகத்தான் ஒண்ணா நின்னிருக்கு. நீங்க நின்னு கேட்டுட்டு, வந்து சைபர் போட்டுட்டு, பஸ்ஸ புடிச்சு வந்து சாப்புட்டுத் தூங்கியிருக்கீங்க."

"தப்பா எண்ணலியே."

"தப்பா எண்ணியிருந்தாக்கூட பரவால்லைங்க," என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை.

மறுநாள் காலை முதல் பேருந்தில் போனேன். பள்ளி விடுமுறை, அலுவலகம் மட்டும் திறந்திருந்தது. தாளாளரிடம் முழுக்கச் சொன்னேன். யார் என்ன சொன்னார்கள், எந்த வரிசைப்படி, எத்தனை தடவை என்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவை, அந்த 'ஈ' போட்டிருக்கணும் என்ற இடத்தில், சிரித்தார்.

"நல்லாத்தான் சார் இருக்கு," என்றார். "ஆனா கமிட்டி போன வாரமே கூடி முடிச்சிட்டுது. அந்தத் தம்பிக்கு ஆர்டரும் குடுத்தாச்சு. நாப்பத்தொண்ணுக்கும் சைபருக்கும் நடுவுல நான் என்ன சார் பேசுறது? நீங்களே கையெழுத்துப் போட்டது."

"நான் மாத்தி எழுதித் தரேன்."

"தம்பிகிட்டேருந்து ஆர்டர திருப்பி வாங்கச் சொல்றீங்களா? அவனுக்கும் புள்ளை இருக்கு சார்."

அவர் சொன்னதும் சரிதான். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். சாலை முழுக்க வெயில். மீன்பிடித் தடைக்காலம், படகுகளைக் கரையேற்றி வரிசையாக வைத்திருந்தார்கள். பேருந்து ஜன்னலிலிருந்து எண்ணத் தொடங்கி, பத்துக்கு மேல் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை.

வைகாசியில் ஒரு நாள் மாத்திரை வாங்கப் போனபோது காரைக்கால் பேருந்து நிலையத்தில் டீச்சரைப் பார்த்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறாளாம், அங்கேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாளாம். கோபமாக இல்லை. "நல்லா இருக்கீங்களா சார்? உடம்பு எப்புடி இருக்கு?" என்று கேட்டாள். பார்க்காததுபோலப் போயிருக்கலாம். போகவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்றேன்.

பேருந்து கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். தட்டுச் சத்தத்திலிருந்து தொடங்கினேன். கல், மாமா ஊர், வடக்கே கொட்டும் மணல், தண்ணீர், வெளியாள் முன்னால் ஒரே பேச்சு. அவள் நடுவில் இரண்டே கேள்விதான் கேட்டாள். "வடக்க கொட்டச் சொன்னது யாரு சார், நெத்தியில தழும்பு இருக்குமே, அந்தப் பொண்ணா?" ஆமாம் என்றேன். "தண்ணின்னு சொன்னது அவனா? அவன் ஒரு வருசமா வாயே தெறந்ததில்ல சார்."

சொல்லி முடித்தபோது அவள் சிரித்தாள். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான் என்று வைத்துக்கொண்டேன்.

"எனக்காகவா சார் எல்லாரும் ஏ காட்டுனாங்க?"

"ஆமாம்மா."

"கேள்வியிலதான் கொறைன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்காங்க," என்றாள். "அன்னைக்கு மதியமே சொல்லியிருந்தீங்கன்னா சார்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. வாயைத் திறந்தேன். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அவள் எழுந்து பைகளை எடுத்துக்கொண்டாள்.

படியில் ஏறி நின்று திரும்பினாள். "சார், ஒண்ணு கேக்குறேன். நீங்க எந்த எழுத்தக் காட்டியிருப்பீங்க?"

"நானா?"

"ஆமா. முகத்துவாரத்துக்கு என்ன செய்யலாம்? ஆறு வகுப்பா உக்காந்திருந்தீங்களே."

ஏழு பிள்ளைகள் சொன்னதையும் சொன்ன வரிசையில் சொல்ல முடிந்தவன் நான். அந்தக் கேள்வி என்னையும் கேட்டது என்று எனக்கு ஒரு தடவையும் படவில்லை.

"யோசிக்கலம்மா," என்றேன்.

"யோசிங்க சார். காரணத்தோட மெசேஜ் போடுங்க, வகுப்புல வச்சுக் காட்டுறேன்," என்றாள். கேலி இல்லை. பிள்ளைகளிடம் சொல்வாளே, அந்தக் குரல். என் எண்ணைக் கேட்டு வாங்கிக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, தன் எண் எனக்கு வர ஒரு தடவை அழைத்துவிட்டாள். பேருந்து புறப்பட்டது.

மருந்துக்கடைக்குப் போகாமல் பெஞ்சிலேயே இருந்தேன். முதலில் ஏ என்று போட்டேன். காரணம் என்று எழுத வந்தது அந்தத் தழும்புப் பெண் சொன்னது. அழித்தேன். டி போட்டேன். அது அந்தப் பையன் சொன்னது. அதையும் அழித்தேன். கடைசியில் 'யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று அனுப்பினேன். அது உண்மையில்லை, தொடங்கியிருக்கவே இல்லை. வீட்டுக்கு நடக்கும்போதுதான் தொடங்கினேன். வாரிய மணலை வடக்கே கொண்டுபோக வேண்டும், சரி, எதில் ஏற்றிக் கொண்டுபோவது என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டது.